எல்லையில் இறங்கியவரைத் தேடி பலெர்மோவுக்கு

1998 மே, செவ்வாய்க்கிழமை, மாலை ஆறே முக்கால்.

வென்ரிமிலியா என்பது பிரான்சின் எல்லை முடிந்து இத்தாலி தொடங்கும் இடத்தில் இருக்கிற ரயில் நிலையம். நீஸ் நகரத்தில் இருந்து ஒரு மணித்தியாலம்கூட இல்லை. காலையில் பாரிசில் ஏறிய நான் இங்கே இறங்கி உரோம் ரயிலுக்கு மாறவேண்டும். இறங்குவதற்குப் பத்து நிமிடம் முன்னதாகவே பயணப் பத்திரத்தை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டேன். அகதிகளுக்குப் பிரான்ஸ் கொடுக்கிற சின்னப் புத்தகம் அது. எந்தப் பக்கத்தில் என் படம் இருக்கிறதோ அந்தப் பக்கத்துக்குள் விரலை விட்டபடி மேடையில் இறங்கினேன்.

ஒருவரும் கேட்கவில்லை. இரண்டு பொலிஸ்காரர் நின்றார்கள். ஒருவர் மற்றவருக்கு உதைபந்தாட்டக் கதை சொல்லிக்கொண்டிருந்தார். என்னோடு வந்த பிரெஞ்சுக் கிழவர் என் கையைப் பார்த்துவிட்டு, "அதை உள்ளே வையுங்கள் மதாம். ஏப்ரலில் இருந்து இத்தாலியும் ஐரோப்பிய எல்லை ஒப்பந்தத்துக்குள் வந்துவிட்டது, இனி இங்கே சோதனை கிடையாது" என்றார். எனக்குச் சப்பென்று போய்விட்டது. மன்னாரில் இருபது வருடம் புவியியல் படிப்பித்தவள் நான். எல்லைக்கோட்டைச் சிவப்புப் பென்சிலால் வடிவாகக் கீறாத பிள்ளைகளை வெயிலில் நிறுத்தியிருக்கிறேன். அந்தப் பிள்ளைகள் இப்போது என்னைப் பார்த்தால் சிரிக்கும்.

ஏன் போகிறேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வாசிக்கிறவர்களைக் காக்க வைப்பது எனக்குப் பிடிக்காது. என் கணவர் அருளப்பு மன்னார்க் கச்சேரியில், அதாவது அரசாங்க அலுவலகத்தில், எழுதுவினைஞராக இருந்தவர். 1992 இல், ஆட்களை வெளிநாட்டுக்குக் கடத்திவிடுகிற ஏஜென்சிக்காரன் ஒருவனை நம்பிப் புறப்பட்டார். அவன் இவர்கள் எட்டுப் பேரை மேற்கு ஆபிரிக்காவில் தோகோ நாட்டின் தலைநகரான லோமேயில் கொண்டுபோய் வைத்திருந்தான். அங்கிருந்து எனக்கு இரண்டு கடிதம் வந்தது. பிறகு ஒன்றும் வரவில்லை. எட்டுப் பேரில் ஒருவர் பின்னாளில் லண்டன் போய்ச் சேர்ந்து எனக்குத் தொலைபேசி எடுத்தார்.

"லோமேயிலை இருந்து கானாவுக்குள்ளை போனனாங்கள், அக்கா. அங்கை வான் வெளிக்கிடுற நேரம் அண்ணை இறங்கினவர். ஒரு சின்ன வேலை இருக்கு, இப்ப வந்திடுவன் எண்டவர். வரேல்லை. அரை மணித்தியாலம் பாத்திட்டு அவன் வானை எடுத்திட்டான்."

அந்தச் சின்ன வேலை என்ன என்று அவருக்கும் தெரியாது. ஆறு வருடமாக எனக்கும் தெரியாது. நான் பின்னர் மொஸ்கோ வழியாகப் பிரான்சுக்கு வந்து, பாரிசில் ஒரு பல் வைத்தியசாலையைத் துப்புரவாக்குகிற வேலையில் இருக்கிறேன். பிள்ளைகள் இல்லை. அவருடைய அக்கா, என் மச்சாள், அதே ஊரில் இருக்கிறார். ஒவ்வொரு வருடமும் நவம்பர் மாதம் கோயிலில் இறந்தவர்களுக்காகப் பூசை ஒப்புக்கொடுப்போம். யார் யாருக்காக என்று ஒரு கடதாசியில் பெயர் எழுதிக் கொடுக்கவேண்டும். மச்சாள், என் மாமா மாமியின் பெயரை எழுதிவிட்டு, ஒரு வரியை வெறுமையாக விட்டுக் கடதாசியை என் பக்கம் தள்ளுவார். நான் திருப்பித் தள்ளுவேன். சென்ற வருடம் அவர் அழுதார். "இந்த முறைதான் கடைசி. அடுத்த முறை நான் எழுதிப்போடுவன், மெற்றில்டா. அவன்ரை ஆத்துமா அலையக்கூடாது" என்றார்.

இந்த நிலையில்தான் பலெர்மோவில் இருந்து பிலோமினாவின் கடிதம் வந்தது. பிலோமினா மன்னாரில் எங்களுக்கு இரண்டு வீடு தள்ளி இருந்தவள். கடிதத்தில் இப்படி இருந்தது: "ரீச்சர், இஞ்சை எங்கடை கோயிலுக்கு வாற கானாக்காரர் ஒராள், எங்களைப் பாத்து கொஞ்சம் பொறுங்கோ, கொஞ்சம் பொறுங்கோ எண்டு தமிழிலை சொல்லுறார். ஆரட்டைப் பழகினனீர் எண்டு கேட்டன். மிஸ்டர் அருள் எண்டார். நீங்கள் ஒருக்கா வந்து கதைச்சால் நல்லது."

பன்னிரண்டு மாதத்தில் எனக்கு ஒரு கிழமைதான் லீவு. எடுத்தேன்.

வியாழக்கிழமை, காலை.

புதன்கிழமை முழுவதும் உரோம் நிலையத்தில் ஒரு மர வாங்கில் இருந்தபடி கழிந்தது. போப்பாண்டவரைப் பார்க்கப் போகாமல் உரோமில் இருந்தாயா என்று மச்சாள் கேட்பார். மனம் வேறெங்கோ இருக்கும்போது போப்பாண்டவர் வந்து முன்னால் நின்றாலும் தெரியாது. இரவு ரயில் ஏறி, விடியும் நேரம் இத்தாலியின் கால்விரல் நுனிக்கு வந்தோம். அங்கே ரயிலைத் துண்டு துண்டாகப் பிரித்துக் கப்பலுக்குள் தள்ளுகிறார்கள். நாங்கள் இருக்கையில் இருந்தபடியே கடலைக் கடக்கிறோம். மேல்தளத்துக்கு ஏறிப் பார்த்தேன். மெசினா நீரிணை ஒடுங்கின இடத்தில் மூன்று கிலோமீட்டர்தான். மன்னாரில் இருந்து இராமேஸ்வரம் இதைவிடப் பல மடங்கு தூரம். ஆனாலும் கடலின் நிறம் எங்கள் கடலின் நிறமாகவே இருந்தது. நான் வேண்டுமென்றே மறுபக்கம் திரும்பி நின்று கோப்பி குடித்தேன். இத்தாலிக் காசில் ஆயிரத்து முந்நூறு லீரா.

மெசினாவில் இருந்து பலெர்மோ இருநூற்றிருபது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேலே. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் எலுமிச்சைத் தோட்டம். ஒன்பதரைக்கு இறங்கினேன். பிலோமினா வேலையில் இருந்ததால் வீட்டுத் திறப்பை நிலையத்துக்கு எதிரில் இருக்கிற கோப்பிக் கடையில் ஒரு உறைக்குள் விட்டிருந்தாள். உறைக்குள் ஒரு பஸ் ரிக்கற்றும், எங்கே இறங்குவது என்று கீறிய படமும் இருந்தன. வடக்கு எந்தப் பக்கம் என்று அம்புக்குறி போட்டிருந்தாள். என்னிடம் படித்த பிள்ளை இல்லை, ஆனாலும் பெருமையாக இருந்தது.

அவளுடைய வீடு சீசா என்கிற பகுதியில், நான்காம் மாடியில் இருக்கிறது. மாடிப்படி எழுபத்தாறு. மூன்று தமிழ்ப் பெண்கள் சேர்ந்து இருக்கிறார்கள். மூவரும் வீட்டுவேலைக்குப் போகிறவர்கள். காலை ஏழு மணிக்குப் போனால் இருட்டித்தான் வருவார்கள். வியாழன் பின்னேரமும் ஞாயிறும் மட்டும் அவர்களுடையது. சமையலறையில் எனக்கென்று மூடி வைத்த இடியப்பத்தைச் சாப்பிட்டுவிட்டு, யாரும் இல்லாத வீட்டில் மூன்று கட்டில்களைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். ஒவ்வொரு கட்டிலின் தலைமாட்டிலும் ஒவ்வொரு குடும்பத்தின் படம். படங்களில் எல்லாரும் சிரித்தார்கள்.

இரண்டு மணிக்குப் பிலோமினா வந்தாள். கட்டிப் பிடித்தாள், அழுதாள், உடனே முகத்தைக் கழுவினாள்.

"வேலை வீட்டுச் சினோரா இண்டைக்கெண்டு பார்த்து மேசைத் துணி எல்லாம் அயர்ன் பண்ணச் சொன்னவ, ரீச்சர். வாங்கோ, கெதியாப் போவம். ஆள் வுச்சீரியாவிலை மீன்கடைக்குச் சாமான் இறக்கிறவர்."

வுச்சீரியா பழைய சந்தை. அது ஒரு கிடங்குபோலக் கீழே இருக்கிறது; படியால் இறங்கவேண்டும். கூரை முழுவதும் சிவப்புத் துணிப் பந்தல். அதன் கீழ் எல்லா மீனுக்கும் புது மீனின் நிறம் வந்துவிடுகிறது. நான் மன்னார்க்காரி, என்னை ஏமாற்ற முடியாது. கடைக்காரர் பிலோமினாவிடம் இத்தாலிய மொழியில் ஏதோ சொன்னார். அவள் முகம் வாடியது.

"அந்தக் கானாக்காரர், கோம்லா, ட்ராபானிப் பக்கம் வேலைக்குப் போட்டாராம். சனிக்கிழமைதான் வருவாராம்."

"வருவார்தானே?"

"ஓம் ரீச்சர், வருவார். இஞ்சை எல்லாரும் ஒரு நாளைக்கு வருவினம்."

அவள் ஆறுதலுக்குத்தான் சொன்னாள். எனக்கு அது ஆறுதலாக இல்லை.

வெள்ளிக்கிழமை.

ஒரு நாள் முழுவதையும் எப்படியாவது தள்ளவேண்டும். வீட்டில் இருந்தால் கட்டில்களையும் படங்களையும் பார்க்கவேண்டும் என்று பஸ் ஏறினேன். ஆயிரத்து ஐந்நூறு லீரா. எதிர் இருக்கையில் நெற்றியில் பொட்டு, காதில் தோடு, எங்கள் சித்தி முகம் என்று ஒரு அம்மா. எனக்கு வாயெல்லாம் பல். "எந்த ஊர், அம்மா?" என்றேன். அவர் சிரித்துக்கொண்டே தலையை ஆட்டினார். விளங்கவில்லை. பிரெஞ்சில் கேட்டேன். உடனே பொரிந்து தள்ளினார். மொரீசியசில் பிறந்தவர், பெயர் தெய்வானை, பூட்டனார் காலத்தில் கரும்புத் தோட்டத்துக்குக் கப்பலில் போன குடும்பம், இங்கே ஒரு வைத்தியரின் வீட்டில் வேலை. தமிழில் என்ன தெரியும் என்றேன். யோசித்து, "முருகா, சாம்பார், சரி" என்றார். இரண்டு தமிழ்ப் பெண்கள் சிசிலி பஸ்ஸில் பிரெஞ்சு கதைத்துக்கொண்டு போனோம். இறங்கும்போது என் கையைப் பிடித்து "சரி" என்றார். நானும் "சரி" என்றேன்.

வியா மக்வேதா வீதியை இந்த முனையில் இருந்து அந்த முனைவரை நடந்தேன். ஒன்றரைக் கிலோமீட்டர் இருக்கும். சப்பாத்துக் கடை, கலியாண உடுப்புக் கடை, கோயில், மறுபடி சப்பாத்துக் கடை. நடுவில் நான்கு மூலையிலும் சிலைகள் வைத்த சந்தி. அங்கே ஒரு படியில் இருந்து, அரன்சீனா என்கிற பொரித்த சோற்றுருண்டையைச் சாப்பிட்டேன். இரண்டாயிரம் லீரா, வயிறு நிறைய. எங்கள் ஊரில் பொரிக்கிற ரோல்ஸின் பெரிய அண்ணன் என்று சொல்லலாம். தெருவில் எல்லாரும் யாரோடாவது கதைத்துக்கொண்டு போனார்கள். கதைக்க ஆள் இல்லாதவர்கள் தூரத்தில் நிற்பவரைக் கூப்பிட்டுக் கதைத்தார்கள். எனக்குக் கூப்பிட ஆள் இல்லை. பொய் சொல்லத் தேவையில்லை, அன்று எனக்கு மிகவும் தனிமையாக இருந்தது. கானாக்காரர் வராமலே விட்டால் நல்லது என்றுகூட ஒரு கணம் நினைத்தேன். வராவிட்டால் வெறுமையாக விட்ட வரி வெறுமையாகவே இருக்கும். மச்சாளுக்கு எழுத ஒரு ஆதாரமும் இருக்காது, நான் அழவும் தேவையில்லை.

சனிக்கிழமை, பிற்பகல் இரண்டு மணி.

மீன்கடைக்காரர் சொல்லி, சந்தைப் படியில் கோம்லா எனக்காகக் காத்திருந்தார். முப்பத்தைந்து வயதிருக்கும். கை கழுவி, சட்டை மாற்றி, கோயிலுக்கு வருகிறவர்போல நின்றார். பிலோமினாவுக்கு அன்று வேலை. ஆகவே நாங்கள் இருவரும் ஆங்கிலத்தில் கதைத்தோம்.

"நீங்கள் மெற்றில்டா டீச்சரா?" என்று கேட்டார். பிலோமினா அவருக்கு என் பெயரைச் சொன்னாளா என்று யோசித்தேன். சொல்லவில்லை என்று பிறகு தெரிந்தது.

அவருடைய ஊர் ஆஃப்லாவோ. லோமே நகரம் முடிகிற இடத்தில் எல்லை, எல்லை தாண்டினால் ஆஃப்லாவோ. இந்தப் பக்கம் தோகோ, அந்தப் பக்கம் கானா.

"எங்கள் பக்கத்தில் பதினாறு நாடுகள் ஒப்பந்தம் செய்திருக்கின்றன" என்றார். "நான் சிறுவனாக இருந்தபோதே செய்தது. அடையாள அட்டையோ பயணச் சான்றிதழோ இருந்தால் போதும், விசா இல்லாமல் தொண்ணூறு நாள் எங்கேயும் போய் இருக்கலாம். என் அம்மா ஆஃப்லாவோவில் சமைத்து லோமேயில் விற்றார். ஒரு நாளைக்கு நான்கு தரம் நாடு மாறுவார். இங்கே இவர்கள் இப்போதுதான் ஆரம்பிக்கிறார்கள்." அவர் சிரித்தார். "ஆனால் இவர்களுடையதற்குள் நான் இல்லை. உரோமுக்குப் போனால் என்னிடம் நான்கு தரம் பத்திரம் கேட்பார்கள்."

நான் மீன் மணக்கிற அந்தப் படியில் நின்று, "அருளப்புவுக்கு என்ன நடந்தது?" என்று கேட்டேன். கேட்கத்தானே வந்தேன்.

அவர் சொன்னதை நான் அப்படியே எழுதுகிறேன். அன்று சந்தை நாள். தலையில் கூடையோடும் கையில் கோழியோடும் சனம் எல்லையால் போய்க்கொண்டிருந்தது. தெரிந்த முகங்களை அதிகாரிகள் நிறுத்துவதில்லை. ஏஜென்சிக்காரன் எட்டுப் பேரிடமும், கூட்டத்தோடு கலந்து நடவுங்கள் என்றான். எல்லாரும் போகிறார்களே, இது எல்லாருக்கும் திறந்த வாசல் என்று இவர்களும் நினைத்து நடந்தார்கள். ஒப்பந்தம் அந்தப் பதினாறு நாட்டுச் சனத்துக்குத்தான் என்று அவன் சொல்லவில்லை. ஒருவரும் நிறுத்தவில்லை. மறுபக்கம் வானில் ஏறி இருந்தார்கள். அப்போது மிஸ்டர் அருள் தன் கடவுச்சீட்டை எடுத்துப் புரட்டிப் பார்த்தார்.

"பிறகு?" என்றேன். எனக்கு விளங்கத் தொடங்கிவிட்டது.

"பிறகு இறங்கி, திரும்பி எல்லைக்கு வந்து, வரிசையில் நின்று, அதிகாரியிடம் கடவுச்சீட்டை நீட்டி, 'ஐயா, நான் உங்கள் நாட்டுக்குள் வந்துவிட்டேன், நீங்கள் முத்திரை குத்த மறந்துவிட்டீர்கள்' என்றார்."

நான் சிரித்தேன். வுச்சீரியாவின் நடுவில், மீன்காரர்கள் திரும்பிப் பார்க்க, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். சிரிப்பு எந்த இடத்தில் அழுகையாக மாறியது என்று எனக்கே தெரியாது. வேறு அடையாளம் எதுவும் தேவையில்லை. இந்த உலகத்தில் களவாக எல்லை கடந்துவிட்டு, திரும்பிப்போய் முத்திரை கேட்கக்கூடிய மனிதர் ஒருவர்தான். கச்சேரியில் இருபத்திரண்டு வருடம் மற்றவர்களின் கடதாசியில் முத்திரை குத்தியவர். வீட்டில் கடைக்குக் கொடுக்கிற சாமான் துண்டிலேயே திகதி போட்டுக் கையெழுத்து வைக்கிறவர்.

அதிகாரியும் பாவம். தோகோ விசா முடிந்திருந்தது, கானா விசா இல்லை. வந்த வழியே போங்கள் என்றார். தோகோப் பக்கம், நீங்கள் வெளியே போனதற்கு எங்களிடம் பதிவு இல்லை, ஆனாலும் விசா இல்லாமல் உள்ளே எடுக்க முடியாது என்றது. இரண்டு பக்கமும் பிழை இல்லை. பிழை முழுவதும் எங்கள் வீட்டு மனிதருடையது. பின்னேரம்வரை ஒரு நிழலில் இருத்தி வைத்திருந்தார்கள். வான் போய்விட்டது. எழுதத் தெரியாத ஒரு வியாபாரிப் பெண் பயணச் சான்றிதழுக்கு விண்ணப்பிக்கிற படிவத்தோடு வந்து, இதை நிரப்பித் தருவீர்களா என்று கேட்டார். இவர் நிரப்பிக் கொடுத்தார். அதைப் பார்த்து இன்னொருத்தி வந்தாள். அதிகாரி அந்தக் கையெழுத்தைப் பார்த்துவிட்டு, நாளைக்கும் வாருங்கள் என்றாராம்.

"அன்றில் இருந்து அங்கேதான்" என்றார் கோம்லா. "ஒரு மேசை, ஒரு பெரிய குடை. எங்கள் வீட்டில் வெளி அறையில் இருந்தார். வரிசையில் சனம் தள்ளுப்பட்டால் 'கொஞ்சம் பொறுங்கோ' என்பார். சந்தை முழுவதும் அதைப் பழகிவிட்டது."

அவர் சட்டைப் பையில் இருந்து பிளாஸ்ரிக் உறையை எடுத்தார். 1994 இல் கோம்லாவுக்காக நிரப்பிய படிவத்தின் காபன் பிரதி. ஊதா எழுத்து மங்கியிருந்தது. ஆனாலும் ஏழுக்கு நடுவில் குறுக்குக் கோடு. நிரப்பத் தேவையில்லாத பெட்டிகளில் சிறு கோடு. ஒன்றையும் வெறுமையாக விட்டிருக்கவில்லை. நான் அந்த உறையைத் தொட்டுப் பார்த்தேன், திறக்கவில்லை.

கேட்க வெட்கமாக இருந்தது, கேட்டேன்: "தனியாகவா இருந்தார்?"

"படிவத்தில் திருமணமானவரா என்று ஒரு பெட்டி உண்டே. அந்த இடம் வரும்போதெல்லாம், 'நானும் திருமணமானவன்தான், மெற்றில்டா, டீச்சர்' என்று எல்லாரிடமும் சொல்வார். எங்கள் சந்தைக்கே உங்கள் பெயர் தெரியும்."

கோம்லா அங்கிருந்து புறப்பட்டு இரண்டு வருடம். அதற்குப் பிறகு என் கணவர் எப்படி இருக்கிறார் என்று அவருக்குத் தெரியாது. கோம்லாவின் தங்கை யாவா எல்லைக்குப் பக்கத்தில் தொலைபேசிக் கடை வைத்திருக்கிறாள். எடுத்துப் பார்ப்போமா என்றார்.

மூன்று மணி பத்து நிமிடம்.

வியா மக்வேதாவின் பின்பக்கத்துத் தெருவில் ஆள் உள்ளே நின்று கதைக்கிற நான்கு மரப்பெட்டி வைத்த தொலைபேசிக் கடை. கானாவுக்கு நிமிடம் இரண்டாயிரத்து நானூறு லீரா. கோம்லா தங்கள் மொழியில் கதைத்தார். இடையில் என் பெயரைச் சொன்னார். தொலைபேசி வாங்கிக்குள் இருந்து ஒரு பெண் குரல் வீரிட்டது. அந்தப் பெண் அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை.

கோம்லா வாங்கியைக் கையால் பொத்திக்கொண்டு திரும்பினார். "இருக்கிறார். லோமேக்குப் போயிருக்கிறார், காபன் கடதாசி வாங்க. ஒரு மணித்தியாலத்தில் வருவார், அப்போது எடுக்கச் சொல்கிறாள்."

"எப்படிப் போனார்? அவரிடம் ஒன்றும் இல்லையே."

"நடந்துதான். எல்லா அதிகாரிகளுக்கும் அவரைத் தெரியும். கைகாட்டி விடுவார்கள். பதினாறு நாட்டில் ஒன்றையும் சேராதவர், தினமும் போய் வருகிறார். ஆனால் எல்லையில் இருந்து சில கிலோமீட்டர் தள்ளிப் போனால் அவரை ஒருவருக்கும் தெரியாது. அங்கே பிடிப்பார்கள்."

உயிரோடு இருக்கிறார். காபன் கடதாசி வாங்கப் போயிருக்கிறார். கடைக்கு வெளியே ஒரு படியில் இருந்து இந்த இரண்டு வசனங்களையும் மாறி மாறிச் சொல்லிப் பார்த்தேன். கோம்லா இரண்டு கோப்பி வாங்கிவந்தார். அவருக்கும் ஊரில் மனைவி இருக்கிறாள் என்பதை அந்த ஒரு மணித்தியாலத்தில் ஒரே ஒரு தரம் சொன்னார்.

நான்கு மணி இருபது நிமிடம்.

"ஹலோ, குட் ஆஃப்டர்நூன். அருளப்பு ஸ்பீக்கிங்."

கேட்பதற்கென்று ஆறு வருடமாகச் சேர்த்து வைத்த எல்லாம் எங்கோ போய்விட்டன. என் வாயில் வந்தது இதுதான்:

"முத்திரை கேக்கப் போனீங்களாம்?"

அந்தப் பக்கம் சந்தை இரைச்சல் மட்டும் கேட்டது.

"ஆர்... மெற்றில்டாவோ?"

"வேறை ஆர் உங்களை இப்பிடிக் கேப்பினம்?"

"முத்திரை இல்லாமல் போனால் பிழைதானே. பேந்து எயார்போட்டிலை கேப்பாங்கள்."

"மற்ற ஏழு பேரையும் ஒருத்தரும் கேக்கேல்லை."

அவர் மூச்சு விடுகிற சத்தம் கேட்டது. "எழுதினனான், மெற்றில்டா. மாதம் ஒண்டு எழுதினனான்."

"எங்கை?"

"மன்னாருக்கு."

"மன்னாரிலை நாங்கள் ஒருத்தரும் இல்லை. வீடும் இல்லை."

"அது எனக்குத் தெரியாது. நீர் இப்ப எங்கை நிக்கிறீர்?"

"பாரிசிலை இருக்கிறன். இப்ப நிக்கிறது பலெர்மோவிலை."

"அது இத்தாலியெல்லோ. எல்லையிலை முத்திரை போட்டவங்களோ?"

"ஒருத்தரும் கேக்கேல்லை."

"கேக்காட்டில் என்ன, நீர் போய்க் கேட்டிருக்க வேணும்."

எனக்குக் கோபம் பொங்கியது. "அப்பிடிப் போய்க் கேட்டபடியால்தானே..." என்று தொடங்கினேன். முடிக்கவில்லை. இரண்டு பேரும் அழுதோம். நிமிடம் இரண்டாயிரத்து நானூறு லீராவுக்கு, ஒரு சொல்லும் இல்லாமல்.

"வாறீங்களோ?" என்று கேட்டேன்.

"எப்பிடி வாறது? என்ரை பாஸ்போட் முடிஞ்சு மூண்டு வருசம். எங்கடை தூதரகம் கிட்டடியிலை இல்லை. எல்லாருக்கும் படிவம் நிரப்பிக் குடுக்கிறன். எனக்கு நிரப்ப இஞ்சை ஒரு படிவமும் இல்லை."

"அப்ப நான் வாறன்."

"உமக்கு விசா வேணும்."

"எடுப்பன்."

"படிவம் தருவினம். ஒரு பெட்டியையும் வெறுமையா விடாதையும். அதிலை நோக்கம் எண்டு ஒண்டு..."

தொடர்பு அறுந்தது. மறுபடி எடுத்தோம். ஏழு தரம் எடுத்தோம். கிடைக்கவில்லை. கடைக்காரர் மூடவேண்டும் என்றார். யாவாவின் இலக்கத்தைக் கோம்லா ஒரு கடதாசியில் எழுதித் தந்து, "கொஞ்சம் பொறுங்கோ" என்றார். அவருடைய வாயில் என் கணவரின் குரல் இருந்தது.

ஞாயிறும் திங்களும்.

ஞாயிறு மத்தியானம் பிலோமினா நிலையம்வரை வந்தாள். "இனி நித்திரை கொள்ளுவியள், ரீச்சர்" என்றாள். நான் ஓம் என்றேன். உண்மையில் அன்றிரவு கண்ணே மூடவில்லை. இருக்கிறாரா இல்லையா என்று தெரியாதவரை நினைத்து ஆறு வருடம் நித்திரை கொள்ளப் பழகியிருந்தேன். உயிரோடு இருக்கிறவரை நினைத்து நித்திரை கொள்வது வேறு வேலை. பலெர்மோ நல்ல நகரம், போய்ப் பார்க்கலாம். எனக்கு அது ஒரு மரப்பெட்டியும் ஒரு வாங்கியும்தான். பாரிசில் இருந்து அங்கே போக எனக்கு ஒருவரின் அனுமதியும் தேவைப்படவில்லை. லோமேக்கும் ஆஃப்லாவோவுக்கும் இடையில் அவருக்கும் தேவைப்படவில்லை. இரண்டு இடத்துக்கும் நடுவில்தான் எல்லாக் கதவும் இருக்கிறது.

திங்கள் காலை ஒன்பது மணிக்கு மறுபடி வென்ரிமிலியா. நீஸ் போகும் ரயில் மேடையில் ஆயத்தமாக நின்றது. ஏறி, யன்னல் பக்கம் இருந்து, பையை மேலே வைத்தேன். மேடையின் அந்தத் தொங்கல் முனையில் பொலிஸ்காரர் ஒருவர் தனியாக நின்றார். இருந்துகொண்டு அவரையே பார்த்தேன். பிறகு எழும்பி, பையை வைத்தது வைத்தபடி விட்டு, இறங்கினேன்.

நாற்பது அடி இருக்கும். நடக்க நடக்க முதுகுக்குப் பின்னால் ரயில் நகருமோ என்று உடம்பெல்லாம் காது. ஆனால் கால் நிற்கவில்லை. அவருடைய சின்ன வேலை எவ்வளவு சின்னது என்று அந்த நாற்பது அடிக்குள் எனக்கு விளங்கியது. பத்திரத்தைத் திறந்து நீட்டினேன். முத்திரை வேண்டும் என்று பிரெஞ்சில் சொன்னேன்.

"இப்போது போடுவதில்லை, சினோரா. தேவையில்லை."

"தெரியும். என் கணவருக்குக் காட்டவேண்டும்."

அவர் என் முகத்தைப் பார்த்தார். சிரிக்கவில்லை. "கணவர் எங்கே?" என்று கேட்டார்.

ஆறு வருடத்தில் எத்தனை அரசாங்கக் கந்தோரில், எத்தனை பேர் என்னிடம் இதைக் கேட்டார்கள். ஒவ்வொரு தரமும் படிவத்தில் அந்தப் பெட்டியை வெறுமையாக விட்டிருக்கிறேன்.

"ஆஃப்லாவோவில்" என்றேன். "கானா எல்லையில். வேலை செய்கிறார்."

விசில் ஊதியது. அவர் என் தோளைத் தொட்டு ரயிலைக் காட்டினார். ஓடி ஏறினேன். மூச்சு வாங்கியது. ரயில் வெளிக்கிட்டதும் குறிப்பு எழுதுகிற கொப்பியை எடுத்து, வரப்போகும் படிவத்துக்குப் பழகுவதுபோல எழுதினேன். திங்கட்கிழமை, காலை ஒன்பது இருபது, வென்ரிமிலியா. முத்திரை கேட்டேன், போடவில்லை. திருமணமானவரா: ஓம். கணவரின் இருப்பிடம்: எல்லையில், குடைக்குக் கீழ். பயணத்தின் நோக்கம் என்ற இடத்தில் கொஞ்ச நேரம் யோசித்தேன். பிறகு ஏழுக்குக் குறுக்குக் கோடு போடுகிற மனிதர் வாசிக்கக்கூடிய தெளிவான எழுத்தில், "வீட்டுக்காரரைக் கூட்டிவர" என்று எழுதித் திகதி போட்டுக் கையெழுத்து வைத்தேன். நவம்பரில் மச்சாள் கடதாசியை என் பக்கம் தள்ளினால், நிரப்பத் தேவையில்லாத அந்த வரியில் நானே ஒரு சிறு கோடு கீறிக் கொடுப்பேன்.